வாசல் மாற்றிய வீடு

அத்தியாயம் ஒன்பது

முதல் அடியைத் தம்பிதான் அடித்தான்.

பூச்சு மட்டும் உதிர்ந்தது. செங்கல் அசையவில்லை.

"எவன்டா கட்டினான் இதை?" என்றார் அண்ணன்.

"நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி மனைவி சின்னவளின் சிரிப்பும் கேட்டது. தம்பி மறுபடி சுத்தியலை ஓங்கினான்.

அப்பா போன பிறகு எழுந்த சுவர் அது. வீட்டின் நட்டநடுவில் நின்றது. முன்பாதி அண்ணனுக்கு, வாசல் பெரிய தெருவில். பின்பாதி தம்பிக்கு, வாசல் பின்சந்தில். பத்திரம் எழுதவில்லை. வாயால் பிரித்தார்கள், செங்கலால் முடித்தார்கள். பேச்சு அப்போது குறைந்தது. அம்மாவும் போன பிறகு அறவே நின்றது.

இப்போது அதை இடிக்க வைத்தது ரயில்.

பெரிய தெருமுனையில் ஸ்டேஷன் வருகிறது. ஸ்டேஷன் வந்தால் சுற்றியிருக்கும் வீடுகளின் விலை ஏறும். ஏறும் விலையில் ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் முன்னதாகவே கட்டிவிட வேண்டும். அந்தப் பணத்தில்தான் தண்டவாளமே போடுகிறார்கள். அரசு அதற்கு வைத்த பெயர் மதிப்பு உயர்வு வரி. தெரு வைத்த பெயர் ரயில் வரி.

"விக்கிறவனுக்குத்தானே விலை ஏறும்? குடியிருக்கறவனுக்கு என்ன ஏறும்?" என்று அண்ணன் தெருக் கூட்டத்தில் கேட்டார்.

"பிரஷர் ஏறும்" என்றது பின்வரிசை.

அண்ணன் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். ஸ்டேஷனுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜும் அவர் வாசலுக்கு வந்து சேரவில்லை. அண்ணிக்கு மருந்துக்கடையில் வரும் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. வரி கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். யார் எடுப்பார்கள் என்பதும் தெரியும். ஸ்டேஷனை ஒட்டி அடுக்குமாடி டவர் கட்டும் கம்பெனியின் தரகர் இரண்டு முறை வந்து டீ குடித்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வழி கண்டுபிடித்தவள் அண்ணனின் மகள். கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். தெருமுனையில் ஒட்டியிருந்த அறிவிப்பை வரி வரியாகப் படித்தாள். ஸ்டேஷன் நுழைவிலிருந்து வீட்டின் தலைவாசல் வரை நடந்து போகும் தூரம் ஐந்நூறு மீட்டருக்குள் இருந்தால் வரி. பெரிய தெரு வாசல் எல்லைக்கு உள்ளே இருந்தது. சித்தப்பாவின் சந்து வாசல் வெளியே இருந்தது.

அப்பாவிடம் கேட்காமல் சந்துக்குப் போனாள். சித்தப்பா கதவைத் தட்டினாள்.

"எங்க வாசலை அடைச்சிடறோம் சித்தப்பா. உங்க வாசல் வழியா வந்து போறோம்."

தம்பி அவளை வெகுநேரம் பார்த்தான். "எப்ப இடிக்கணும்?" என்று மட்டும் கேட்டான்.

இதெல்லாம் போன வாரம் நடந்தது.

*

செங்கல் ஒன்று அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டையில் சின்னவளின் முகம் தெரிந்தது. தலைமுடியெல்லாம் தூள்.

"அக்கா, டீ போடட்டுமா?"

"நான் போடறேன். நீ அந்தத் துணியெல்லாம் மூடு. சீருடை முழுக்கச் செம்மண்ணாயிடும்."

"ஆனா ஆகட்டும். அந்த ஸ்கூல்காரன் இன்னும் பாக்கியே தரல."

சின்னவள் பள்ளிச் சீருடை தைப்பவள். இத்தனை நாளும் அவள் குரலை அண்ணி சுவர் வழியாக மட்டும் கேட்டிருந்தாள். குரலைவிட முகத்துக்கு வயது கூடியிருந்தது.

ஓட்டை ஆள் நுழையும் அளவுக்கு வந்தது. தம்பி டைல் போடுபவன். விளிம்பை நேராக வெட்டினான். நிலைப்படிக்கு அவசரமில்லை என்றான். இடித்த செங்கலை இந்தப் பக்கம் சுமந்து வந்து, பெரிய தெரு வாசலை அதே செங்கலால் அடைத்தான். கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். கடைசி வரிசை ஏறியபோது முன்னறை இருண்டது. அண்ணன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டார்.

"குகைக்குள்ள குடி வந்தாச்சு" என்றார்.

"குகைக்கு வரி கிடையாதுல்ல, அதைச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மதியம் தம்பியின் பாதியில் உட்கார்ந்து ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். திறந்திருந்த சந்து வாசல் வழியாகப் போவோர் வருவோர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன, ஒண்ணு சேர்ந்தாச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சேர்த்து வெச்சாங்க" என்றான் தம்பி, ஸ்டேஷன் பக்கம் கை காட்டி.

அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். தம்பி கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். அவர் போதும் என்று சொல்லவில்லை.

*

கை கழுவும்போது சர்வேயர் வந்தாள். மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். தோளில் பை, கையில் அளக்கும் கருவி. பெரிய தெருவில் வாசலைத் தேடிக் காணாமல் சந்து வழியாகச் சுற்றி வந்திருந்தாள்.

"முன்பக்க வாசல் எங்க சார்?"

"வாசல் இதுதாம்மா. எங்களுக்கு எப்பவுமே இதுதான்."

அண்ணன் காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். அவள் மறுத்துப் பேசவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த ஈரச் சிமெண்டைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

சிவப்புப் புள்ளி ஒன்று சுவர் சுவராகப் போனது. அறை அறையாக அளந்தாள். புது ஓட்டை வழியாக அண்ணன் பக்கம் போனாள். திரும்பி வந்தாள்.

"ரெண்டும் ஒரே வீடுதானே?"

"ஒரே வீடுதான்" என்றான் தம்பி. கேட்டதற்கு மேலேயும் சொன்னான். "அண்ணன் தம்பி. ஒண்ணாத்தான் இருக்கோம்."

அண்ணி அவனைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகமாக இல்லை அது.

சர்வேயர் படம் எடுத்தாள். ஓட்டையை ஒன்று, அடைத்த வாசலை ஒன்று, சந்து வாசலை ஒன்று. போனில் எதையோ தட்டினாள். அவள் புருவம் சுருங்கியது.

"ஒரே வீடுன்னா லிமிட்டைத் தாண்டுதே சார்."

"எந்த லிமிட்டு?"

"சின்ன வீட்டு லிமிட்."

ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? வாசல், நடைதூரம் அதெல்லாம் எடுத்தாச்சு. இப்ப மேப்ல ஒரு வட்டம் போட்டிருக்காங்க. வட்டம் வீட்டுல எங்க பட்டாலும் முழு வீட்டுக்கும் வரி. ஆனா சின்ன வீட்டுக்கு விலக்கு உண்டு."

"எங்க போட்டிருந்தாங்க?" மகள் கேட்டாள். குரல் எழும்பவில்லை.

"வெப்சைட்ல. ஆபீஸ் பலகையிலயும் ஒட்டினாங்க."

"தெருமுனையில இருக்கறது?"

"அது பழசு. அதைக் கிழிக்கிறது யார் வேலைன்னு எனக்குத் தெரியாதுங்க."

அண்ணன் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சுவர் இருந்திருந்தா?"

"இருந்திருந்தா ரெண்டு வீடு. ரெண்டுமே சின்னது. ரெண்டுக்கும் வரி கிடையாது." கொஞ்சம் தயங்கினாள். "எப்ப சார் இடிச்சீங்க?"

சின்னவள் தலையைத் தட்டிவிட்டாள். தூள் பறந்தது.

"அந்தப் படத்தை அழிச்சிடும்மா" என்றாள் அண்ணி. "உன்னைப் பெத்தவளா நினைச்சுக்கோ."

"எடுத்த உடனே மேல போயிடும்க்கா. அழிக்கிற பட்டனே எனக்குக் கிடையாது. நான் ஆபீஸ் ஆளும் இல்ல. அளக்கற வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி."

"கட்ட வேண்டியது எவ்வளவு வரும்?" அண்ணன் கேட்டார்.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அண்ணன் படித்தார். தம்பியிடம் காட்டினார். தம்பி தன் பக்கத்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். காலையில் அவனுக்கு வரியே கிடையாது.

"அந்த டவர்காரன் எவ்வளவு கட்டுறான்?" என்றான்.

"அதுக்குத் தனி ஒப்பந்தம் சார்."

"ஸ்டேஷன் நுழைவே அவன் தரைத்தளத்துல திறக்குது. அங்க டைல் போட்டவன் நான். அந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு?"

"எனக்குக் காட்டல."

"யாருக்குக் காட்டினாங்க?"

"யாருக்கும் காட்டல சார்."

*

போகிறவள் வாசலில் நின்றாள். திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில ஆட்சேப விசாரணை. அதோட முடிஞ்சுது. பாகப் பத்திரம் இருக்கா?"

"இல்ல" என்றார் அண்ணன்.

"கரண்ட் மீட்டர்?"

"அப்பா பேர்ல ஒண்ணே ஒண்ணு. பாதி பாதி கொடுத்துக்குவோம்."

"அப்ப பிரிஞ்சதுக்கு என்னதான் ஆதாரம் இருந்துச்சு?"

அண்ணன் மூலையில் குவிந்திருந்த செங்கல் துண்டுகளைக் காட்டினார்.

"மறுபடி கட்டிடறேன்" என்றான் தம்பி. "சாயந்திரத்துக்குள்ள."

"படம் போயிடுச்சு சார். புதுச் சுவர் கட்டினா ஏமாத்தறீங்கன்னு எழுதுவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "வாக்குமூலம் ஒண்ணுதான் வழி. ரெண்டு குடும்பம்னு ஆபீசர் நம்பணும். ரெண்டு பேரும் வரணும், ஒருத்தர் மட்டும் வந்தா எடுபடாது. தனிச் சமையலா, தனிப் பொழப்பா, பேச்சுவார்த்தை உண்டான்னு கேப்பாங்க. பக்கத்துத் தெருவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சிரிச்சுப் பேசிக்கிட்டே உள்ள போனாங்க. தள்ளுபடி."

"சண்டை போட்டுக்கிட்டு வரச் சொல்றீங்களா?" என்றாள் சின்னவள்.

"நான் எதுவும் சொல்லலக்கா."

அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மகள் தரையில் உட்கார்ந்தாள். சாப்பிட்ட இடத்திலேயே. தட்டுகள் இன்னும் எடுக்கப்படவில்லை.

"நான்தான் படிச்சேன்" என்றாள். "நான்தான் வந்து கதவைத் தட்டினேன்."

"சும்மா இரு" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தாலே போதும்மா. வெறுமனே இருந்திருந்தா போதும்."

யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற பேச்சு எதுவும் அந்த வீட்டில் மிச்சமில்லை.

*

மாலையில் அவளே எழுந்தாள். நாற்காலியை ஓட்டைக்கு நேராக இழுத்துப் போட்டாள். ஒரு கால் அண்ணன் பக்கம், ஒரு கால் தம்பி பக்கம் போல உட்கார்ந்தாள்.

"நான்தான் ஆபீசர். கேக்கறேன், சொல்லுங்க. நாளைக்கு முழிக்கக் கூடாது."

அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள்.

"உங்களுக்குள்ள என்ன தகராறு?"

அண்ணன் யோசித்தார். "தண்ணி மோட்டார்."

"மோட்டார்ல என்ன?"

"போட்டுட்டுத் தூங்கிடுவான். தொட்டி நிறைஞ்சு என் பக்கம்தான் ஒழுகும்."

"ஒழுகற தண்ணியைப் பிடிச்சு பைக் கழுவினது யாரு?" என்றான் தம்பி.

"உங்க அக்கா தங்கச்சி... சாரி, ஓரகத்திகளுக்குள்ள?" மகள் திணறினாள்.

"என் துணி காயறப்ப பார்த்து அக்கா பாய் உதறுவாங்க" என்றாள் சின்னவள்.

"உன் துணின்னு தெரிஞ்சுதான் உதறினேன்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணிக்கும் அடங்கவில்லை. அண்ணன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

மகள் நாற்காலியின் கையில் அறைந்தாள்.

"சிரிச்சா வீடு போயிடும்!"

சிரிப்பு நின்றது. அவள் கண்கள் சிவந்திருந்தன. தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. பேச்சு எப்ப நின்னுச்சு?"

"எங்க அம்மா செத்தப்ப."

அவன் குரல் மாறியிருந்தது. அண்ணி அதைக் கவனித்தாள். மகள் கவனிக்கவில்லை.

"காரணம்?"

"அம்மா அவர் பக்கம் இருந்தாங்க. நான் இங்க. அம்மா செத்துட்டாங்கன்னு எனக்கு யார் சொன்னது தெரியுமா? வாடகை நாற்காலி இறக்க வந்த வண்டிக்காரன். வழி தெரியாம சந்துக்குள்ள வந்து, சாவு வீடு எதுங்கன்னு என்கிட்ட கேட்டான்."

"போதும்" என்றாள் அண்ணி. "இது போதும், நாளைக்கு இதைச் சொன்னா போதும்."

தம்பி நிறுத்தவில்லை.

"நடுவுல ஒரு செங்கல் கனம். ஒரு தட்டு தட்டியிருந்தா வந்திருப்பேன். உயிரோட பார்த்திருப்பேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். கேட்டது ஆபீசர் இல்லை.

"ஏம்ப்பா கூப்பிடல?"

"ஆபீசர் அதெல்லாம் கேக்க மாட்டார்" என்றாள் அண்ணி.

"கேப்பார்" என்றார் அண்ணன். அவர் தம்பியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மத்தியானத்துலேர்ந்து. இதோ கூப்பிடறேன்னு சொல்லிட்டு முன்னறையில போய் உக்காந்துட்டேன்."

"ஏன்?"

"நீயா வரட்டும்னு இருந்தேன்."

பேசியது சின்னவள்.

"தட்டுச்சு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு சாயந்திரம் சுவர் தட்டுச்சு. ரெண்டு தடவை. நான் மிஷின்ல இருந்தேன். சத்தம் தாங்காம நீங்கதான் தட்டறீங்கன்னு நினைச்சேன் அக்கா." அவள் மூச்சு வாங்கினாள். "மிஷினை நிறுத்திட்டு, வெளக்கை அணைச்சிட்டு உக்காந்துட்டேன்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தையின் கட்டில் அந்தச் சுவரோரம்தான் கிடந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

தம்பி மனைவியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். கோபம் வந்த முகமாக இருந்திருந்தால் அண்ணிக்குப் பயம் இருந்திருக்காது.

அவன் ஓட்டை வழியாகத் தன் பக்கம் போனான். சின்னவளும் போனாள்.

"சித்தப்பா," என்றாள் மகள், "நாளைக்கு ரெண்டு பேரும் போகணும். ஒருத்தர் போனா..."

ஏதோ கனமானது தரையில் உராயும் சத்தம் வந்தது. இரும்பு பீரோவின் முதுகு ஓட்டையை மெல்ல மூடியது. கடைசியாக ஒரு விரல் அகல வெளிச்சம் நின்றது. அதுவும் போனது.

மூவரும் அங்கேயே நின்றார்கள்.

"வருவான்" என்றாள் அண்ணி. "அவனுக்கும்தானே வீடு போகுது."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பெரிய தெரு வாசலுக்கு நடந்தார். பாதி வழியில் நின்றார். எதிரே செங்கல். பூச்சு இன்னும் காயவில்லை.

"அப்பா," என்றாள் மகள், "நமக்கு வெளியே போக வழி இல்ல."

அவர் திரும்பி வந்தார். பீரோவின் முன் நின்றார். அதன் அடியில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தின் நடுவே ஒரு ஜோடிக் கால்கள். அவை போகவும் இல்லை, வரவும் இல்லை.

அண்ணன் கையைத் தூக்கினார். மடக்கிய விரல் தகரத்தைத் தொடாமல் நின்றது.